அம்மி நகராமல் இருக்க

வேலைக்குச் சேர்ந்து மாதச் சம்பளம் அக்கவுன்ட்டில் விழத் தொடங்கியதும், சொந்தத்தில் யாராவது ஒருவர் புதிதாக நெருங்கி வருவார். பெரியம்மா மகனாக இருக்கலாம், சின்ன மாமாவாக இருக்கலாம், நாத்தனார் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அதுவரை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசியவர், வாரம் தவறாமல் போன் செய்து "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார். நாலைந்து போனுக்குப் பிறகு விஷயம் வெளியே வரும். பேங்கில் ஒரு ஜாமீன் கையெழுத்து. இல்லையென்றால் ஒரே ஒரு மாதத்துக்கு உன் நகை. இல்லையென்றால் உன் கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டு ஒரு போன். நீ முடியாது என்பாய். அவர் விடமாட்டார். அம்மாவிடம் பேசுவார், கல்யாண வீட்டில் ஓரமாகக் கூப்பிடுவார், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். கடைசியில் ஒருநாள், இந்தத் தொணதொணப்பு நின்றால் போதும் என்று நீ சரி சொல்லிவிடுவாய்.

அந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும், தங்கச்சி.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நச்சரிக்கிற சொந்தக்காரர் அந்த நம்பிக்கையில்தான் வருகிறார், அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததும் நாம்தான். ஆறு தடவை மறுத்துவிட்டு ஏழாவது தடவை நீ தலையாட்டினால், அந்த ஆறு மறுப்புக்கும் அவரிடம் மதிப்பே இருக்காது. ஏழு தடவை கேட்டால் கிடைக்கும் என்பது மட்டும் மனசில் பதியும். அடுத்த முறை ஏழு வரைக்கும் சலிக்காமல் வருவார். பத்தாவதில் நீ இளகினால், அதற்கடுத்த முறை பத்து வரை வருவார். அதனால் நான் சொல்வது இதுதான்: கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்டபோதே கொடுத்துவிடு. முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதை மாற்றவே மாற்றாதே. மீதி எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்தான்.

உளவியல்காரர்கள் இதை எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-ல் பெரிய புத்தகமாகவே போட்டார்கள். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்து வந்த புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் அந்தத் துறையில் தெரிந்த விஷயம். பலன் அடியோடு நின்றால் நச்சரிப்பு உடனே அடங்காமல், பல சமயம் முதலில் இன்னும் உக்கிரமாகி, அதற்குப் பிறகுதான் ஓயும். இதை நீ முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீ உறுதியாக நிற்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் போன் இரண்டு மடங்காகும், அழுகை வரும், "உன்னை என் கூடப்பிறந்தவளா நினைச்சேனே" என்று வரும். பெரும்பாலான பெண்கள் அந்த இடத்தில்தான் பயந்து இறங்கிவிடுகிறார்கள். நிலைமை மோசமாகிறதே, நாம் ஏதோ தப்பு செய்கிறோமோ என்று நினைக்காதே. அது ஓயப்போவதற்கு முந்தைய கட்டம்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்"

எல்லாவற்றிலும் மோசமானது ஜாமீன். பணமாகக் கேட்டால் நமக்குச் சட்டென்று உறைக்கும். கையெழுத்துதானே என்றால் உறைக்காது.

எப்படி வருவார்கள் என்று பார். சாயங்காலம் ஆறரை மணிக்கு, கையில் அரைக்கிலோ மிக்ஸரும் ஒரு பிளாஸ்டிக் கவரும். கவருக்குள் பேங்க் படிவம். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் ஏற்கெனவே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கும். படிவத்தில் தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். "அது மேனேஜரே போட்டுக்குவார்" என்பார். கூடவே பான் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், மூன்று மாத சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்று. அம்மா காபி கலக்கப் போயிருப்பாள். பேனா மூடியைத் திறந்து அவரே நீட்டுவார்.

இனி அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று கேள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் ஜாமீன் போட்டவருக்கு உண்டு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. அவரைத் துரத்திப் பிடித்து ஓய்ந்த பிறகுதான் பேங்க் உன்னிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவர் ஊரிலேயே சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், பேங்க் நேராக உன் பேருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அசல் மட்டுமில்லை, வட்டியும் சேர்ந்துதான். அந்தக் கடன் உன் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும். அவர் தவணை தவறினால் உன் சிபில் ஸ்கோர் இறங்கலாம். நாளைக்கு நீ வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது மேஜைமேல் வரும்.

வெற்றுக் காசோலை விஷயம் இன்னும் கடுமை. நிரப்பிப் போட்டு, பணமில்லாமல் திரும்பிவிட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்குப் போடலாம். நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. "என் தங்கச்சி மாதிரி" என்று சொல்லி வாங்கிய காசோலைக்கும் இதே சட்டம்தான்.

சீட்டு விஷயத்திலும் இதே கதை உண்டு. 1982-ம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி நடக்கும் பதிவு பெற்ற சீட்டில், ஏலத்தில் எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு உள்ள ஆட்களைத் தேடி வருவது அதனால்தான். டீச்சர்களையும் நர்ஸ்களையும் அரசு அலுவலகப் பெண்களையும் சொந்தக்காரர்கள் சுற்றிச் சுற்றி வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காரணம் சொல்லாதே

மறுக்கும்போது நாம் செய்கிற பெரிய தவறு காரணம் சொல்வது. மரியாதைக்காகச் சொல்கிறோம். கேட்கிறவருக்கு அது அடுத்த கேள்விக்கான வழி. "சம்பளம் இன்னும் வரலைண்ணா" என்றால், "பரவால்ல, ஒண்ணாம் தேதிக்கு மேல வரேன்" என்பார். "நகை லாக்கர்ல இருக்கு" என்றால், "நாளைக்கு சேர்ந்தே போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்பார். "அவர் ஒத்துக்க மாட்டார்" என்றால், "மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கவலைப்படாதே." நீ சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் அவர் தீர்த்துக் கொடுத்துவிட்டால், அப்புறம் மறுக்க உன்னிடம் என்ன மிச்சம்?

"பார்க்கலாம்", "யோசிச்சுச் சொல்றேன்", "அப்புறம் பேசுவோம்" இதையெல்லாம் இந்த விஷயத்தில் அடியோடு விட்டுவிடு. தட்டிக்கழிக்கத்தான் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் அதை வைத்து வெளியில் ஒருவரிடம், "தங்கச்சி சரின்னு சொல்லிடுச்சு" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பும் உன் தலையில் விழும்.

ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள். குரலை உயர்த்தாமல், சொற்களை மாற்றாமல் அதையே சொல். இப்படி:

"என்னம்மா, அண்ணனை நம்ப மாட்டியா?"

"நம்பறேண்ணா. ஜாமீன் மட்டும் நான் யாருக்கும் போடறதில்லை."

"உன் கல்யாணத்துல மூணு நாள் தூங்காம வேலை செஞ்சவன் நான்."

"அதை மறக்கவே மாட்டேண்ணா. ஜாமீன் மட்டும் யாருக்கும் போடறதில்லை."

"அப்போ எங்களை அந்நியமா நினைக்கிறே. அப்படித்தானே?"

"அப்படி இல்லைண்ணா. காபி ஆறுது, சாப்பிடுங்க. ஜாமீன் மட்டும் போடறதில்லை."

இதில் கவனிக்க வேண்டியது, தங்கை எதற்கும் சண்டை போடவில்லை. அவர் செய்த உதவியை மறுக்கவில்லை, அவர் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "போன தடவை வாங்கினதையே திருப்பித் தரலையே" என்று இழுக்கவும் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் விஷயம் ஜாமீனிலிருந்து பழைய கணக்குக்குப் போய்விடும், பழைய கணக்கில் அவருக்கும் சொல்ல ஆயிரம் இருக்கும். "யாருக்கும்" என்பது முக்கியம். அப்படிச் சொன்னால் அவரை மட்டும் ஒதுக்கினதாக ஆகாது. ஆனால் சொன்னதற்கு ஏற்ப நீயும் நடக்க வேண்டும். இவருக்கு இல்லை என்றுவிட்டு இன்னொரு மாமாவுக்குப் போட்டால், ஒரே வாரத்தில் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொரு உத்தி உண்டு, அதை அடையாளம் கண்டுகொள்ளப் பழகு. "ஜாமீன் வேண்டாம், ஆதார் ஜெராக்ஸ் மட்டும் கொடு, சும்மா விசாரிச்சுப் பார்க்கறேன்." கொடுத்தால், "பேங்க்ல வந்து ஒரு நிமிஷம் நில்லு, போதும்." சின்னதாக ஒன்றுக்குச் சம்மதித்தவர் அடுத்ததாகப் பெரியதற்கும் சம்மதிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஜெராக்ஸும் கொடுக்காதே. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதே. உன் பெயரில் சிம் வாங்கிக் கொடுக்காதே.

நாலு பேர் முன்னால் கேட்டால்

வளைகாப்பு, சீமந்தம், கிரகப்பிரவேசம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு எதிர்வரிசையிலிருந்து கேட்பார்கள், "என்ன, கையெழுத்துப் போட இவ்ளோ யோசிக்கிறே?" முகதாட்சண்யம் நம்மைச் சாய்த்துவிடும் என்று தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "அப்புறம் வீட்ல பேசலாம்" என்று சொல்லாதே, அது இன்னொரு சந்திப்புக்குத் தேதி கொடுத்த மாதிரி. "அதுக்கு அன்னைக்கே பதில் சொல்லிட்டேனே சித்தப்பா" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சைத் திருப்பு. நாலு பேர் முன்னால் கேட்டதற்கு நாலு பேர் முன்னாலேயே பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரே தடவை எழுத்தில் பதில் போடு. பிற்பாடு "அவ சரின்னு சொன்னா" என்ற பேச்சு வந்தால் அது கைகொடுக்கும். அதன் பிறகு அதே விஷயத்துக்கு வரும் எதற்கும் பதில் வேண்டாம். மற்ற விஷயம் பேசினால் வழக்கம்போலப் பேசு.

அம்மா வழியாக வரும்போது

இதுதான் கஷ்டம். உன்னை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் அம்மாவைப் பிடிப்பார்கள். கேட்பவர் மாமா என்றால், அம்மாவுக்கு அவர் கூடப்பிறந்த தம்பி. நாளைக்கு அவள் பிறந்த வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டும். "என் முகத்துக்காகப் போட்டுக் கொடேண்டி" என்று அடுப்படியில் நின்று அவள் கண் கலங்கினால், எந்தச் சட்டப் பிரிவும் நினைவுக்கு வராது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளும் உன்னைப் போலவே நச்சரிப்பில் மாட்டிக்கொண்டவள். உனக்கு இரண்டு போன் வருகிறது என்றால் அவளுக்கு நாலு வந்திருக்கும்.

அவளை நடுவிலிருந்து விடுவித்துவிடு. "அம்மா, மாமா இனி இதைப் பத்திப் பேசினா, 'அது அவ விஷயம், அவகிட்டயே கேளு'ன்னு மட்டும் சொல்லும்மா. நீ பதில் சொல்ல வேண்டாம்." பிறகு நீயே மாமாவுக்குப் போன் செய்து, "மாமா, அம்மாகிட்ட இதைப் பேச வேண்டாம். என் பதில் மாறாது" என்று நேராகச் சொல்லிவிடு. பெரியவரிடம் இப்படிச் சொல்லலாமா என்று தயங்காதே. மரியாதை குரலிலும் விளியிலும் இருக்கட்டும், பதில் கறாராக இருக்கட்டும்.

கல்யாணமானவள் என்றால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உன் பக்கத்துச் சொந்தத்துக்கு நீ சொல், கணவர் பக்கத்துச் சொந்தத்துக்குக் கணவர் சொல்லட்டும். நாத்தனாரிடம் நீ முடியாது என்றால் நீ வந்து குடும்பத்தைப் பிரித்தவள் ஆகிவிடுவாய். அண்ணன் சொன்னால் அது அண்ணன் தங்கைக்கு இடையில் முடியும். இரண்டு பேரும் முதல்நாள் ராத்திரியே பேசி ஒரே வார்த்தையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நகை

உன் நகை உன் சொத்து. இதில் சந்தேகமே வேண்டாம். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவு பெண்ணின் சொத்தை முழு உரிமையாக அவளிடமே விடுகிறது. கணவரிடமோ புகுந்த வீட்டிலோ ஒப்படைத்து வைத்திருந்தாலும் ஸ்திரீதனம் அவளுடையதுதான் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொல்லியிருக்கிறது.

அடகு வைக்க நகை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதம். நகையை வாங்கிப்போய்த் தன் பெயரில் வைப்பவர் ஒருவர். ரசீது அவர் கையில் இருக்கும், மீட்டுத் தந்தால்தான் உண்டு. "நீயே உன் பேர்ல வெச்சுக் கொடு" என்பவர் இன்னொருவர். அதில் வட்டி கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் உன் முகவரிக்கு வரும், கடன்காரி நீதான். இரண்டுக்கும் ஒரே பதில் சொல். "நகையை நான் வெளியில கொடுக்கறதில்லை அண்ணி." கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், உன் நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, எத்தனை பவுன், எத்தனை கிராம், எந்தக் கடை பில் என்று ஒரு நோட்டில் எழுதி வை. இதை இந்த வாரமே செய்.

நிஜமாகவே அவசரம் என்றால்

கேட்கிற சத்தத்தை வைத்துத் தேவையை அளக்காதே. நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவர்கள் பல சமயம் கேட்கவே கூசுவார்கள். ஆஸ்பத்திரி, பிள்ளை படிப்பு, சாவு வீடு என்றால் நாம் போய் நிற்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. என்ன கொடுக்க முடியும் என்பதை முதலிலேயே முடிவு செய். திரும்பி வராவிட்டாலும் உன் வீட்டு அடுப்பு அணையாத தொகையாக அது இருக்கட்டும். "என்னால பத்தாயிரம் முடியும் சித்தி, இதைத் திருப்பித் தர வேண்டாம், இதுக்கு மேல முடியாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடு. முடிந்தால் ஆஸ்பத்திரி கவுன்ட்டரிலோ காலேஜிலோ நேராகக் கட்டிவிடு.

கடனாகத்தான் கொடுக்கிறாய் என்றால் அக்கவுன்ட் வழியாகக் கொடு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அபராதம் வரலாம். புரோநோட்டு எழுதி வாங்கு. கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் காலக்கெடு, அதற்குள் வழக்குப் போடாவிட்டால் கோர்ட்டில் நிற்காது. நடுவில் அவர் கொஞ்சம் திருப்பித் தந்தால் நோட்டின் பின்பக்கம் வரவு வைத்து அவர் கையெழுத்தை வாங்கு. அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டால்

பேங்கில் போய் நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேள். ஒரே தடவையாகக் கொடுத்து முடித்த கடனுக்குப் போட்ட ஜாமீனை உன் இஷ்டத்துக்கு வாபஸ் வாங்க முடியாது. பேங்க் சம்மதித்து வேறு ஆளை மாற்றினால்தான் விடுதலை. ஆனால் தவணை ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கிரெடிட் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதை வாங்கிப் பார். கடைசியில் நீ கட்டும்படி ஆனால், கட்டிய பணத்தை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்தில் உனக்கு உண்டு. ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்து.

நச்சரிப்பு மிரட்டலாக மாறினால், நகையைப் பிடுங்கினால், சம்பளத்தைக் கேட்டு அடித்தால், பொறுத்துப் போகாதே. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையும் சேர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் வாழும், அல்லது வாழ்ந்த உறவினர்மேல் இதைக் கொண்டுபோகலாம். பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி கிடைக்கும்.

மற்றபடி, மறுத்ததற்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. கொஞ்ச நாள் அவர் பேசாமல் இருப்பார், இருக்கட்டும். சமாதானம் செய்கிறேன் என்று நீயாகப் போய் அந்தப் பேச்சை எடுக்காதே. அவர் மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வந்தால் குடும்பத்தோடு போ, அண்ணியோடு சேர்ந்து வந்தவர்களைக் கவனி, மொய்யை வழக்கம்போல எழுது. அங்கேயும் ஓரமாகக் கூப்பிட்டு மறுபடி ஆரம்பித்தால், உன் வாக்கியம் உன்னிடம் இருக்கிறது.